பதினேழாம் கேள்வி

வருகைப் பதிவேட்டில் நூல் போட்டுக் கட்டியிருந்த பேனா எழுதவில்லை. கட்டிப்போட்ட பேனா எந்தப் பள்ளியிலும் எழுதி நான் பார்த்ததில்லை. பையைத் துழாவி என் பேனாவை எடுத்து, பெயர், அலுவலகம், வந்த காரணம், உள்ளே வந்த நேரம் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். 'வந்த காரணம்' என்ற இடத்தில் 'மதிப்பீடு' என்று எழுதும்போதே கை சலித்தது. பதினோரு வருடமாக எழுதுகிற சொல். இந்த வாரத்தில் இது நாலாவது பள்ளி. இன்றைக்கு மட்டும் இரண்டாவது. காலையில் பார்த்த பள்ளியில் மூன்று மாடி ஏறி இறங்கியதற்கு வலது முழங்கால் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தது. வாசல் பெஞ்சில் இருந்த காவலாளி என் பையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்டர் அம்மாவா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

நான் இன்ஸ்பெக்டர் இல்லை. என் எழுத்தால் யாருக்கும் வேலை போகாது, வரவும் வராது என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நகரத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், வீடு மாற்றுகிறவர்கள், பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டியவர்கள், இவர்களுக்காக ஒவ்வொரு அரசுப் பள்ளியையும் நேரில் பார்த்து, இரண்டு பக்கம் எழுதி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டு இணையத்தில் ஏற்றுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. கல்யாணத் தரகர் வேலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. சேர்த்து வைத்துவிட்டு நாம் நழுவிவிடலாம், குடித்தனம் நடத்தப்போவது அவர்கள். ஜனங்கள் முதலில் வாடகையைப் பார்க்கிறார்கள், அடுத்து எங்கள் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் மேலாளர் அதில் அப்படி ஒரு பெருமை கொண்டவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே நட்சத்திரம்தான். அவர் காதுபடச் சொல்வதில்லை.

மதிப்பீட்டுப் படிவத்தில் நாற்பத்தெட்டு கேள்விகள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, குடிநீர்க் குழாய் எத்தனை, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று போகும். அதில் பதினேழாம் கேள்வி என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் நானே யோசித்துச் சேர்த்தது. 'நடைவழியில் எதிர்ப்படும் ஐந்து மாணவர்களிடம் நூலகத்துக்கு வழி கேட்கவும். தயங்காமல் சரியாகச் சொல்பவருக்கு ஒரு மதிப்பெண்.' அவ்வளவுதான். எல்லாப் பள்ளியிலும் நூலகம் என்று ஓர் அறையைக் காட்டிவிடுவார்கள், புத்தகங்களையும் அடுக்கிவிடுவார்கள். ஆனால் பிள்ளைகள் அங்கே போய்வருகிறார்களா என்பதை அலமாரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போய்வருகிற பிள்ளைக்கு வழி தெரிந்திருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நான் சொன்னபோது நட்சத்திரம் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். ஒரு பிள்ளையிடம் ஒரு கேள்விதான், துணைக்கேள்வி கூடாது, ஆசிரியர்களைக் கேட்கக் கூடாது என்ற விதிகளும் நான் வைத்தவையே. எந்தக் கேள்வியிலாவது ஒரு பள்ளி பூஜ்யம் வாங்கினால் மொத்தம் இரண்டு நட்சத்திரத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி மட்டும் அவருடையது.

இந்தப் பள்ளிக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு முன். பதினேழாம் கேள்வியில் பூஜ்யம் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து பிள்ளைகளிடம் கேட்டேன், ஐந்தும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி மேலே என்றாள், ஒருவன் மூன்றாம் வகுப்பில் என்றான், இன்னொருத்தி "நேத்து எங்க கிளாஸ்ல இருந்துச்சு, இன்னிக்குத் தெரியல" என்றாள். நூலகம் என்ன நேற்று இருந்து இன்று இல்லாமல் போகிற பொருளா? பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டி, 'இங்கு படிக்கும் மாணவர்களுக்கு நூலகம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை' என்று எழுதினேன். எடுப்பான வாக்கியம் என்று நட்சத்திரம் அதைப் பக்கத்தின் தலையிலேயே போட்டார். நானும் மறுக்கவில்லை, எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த வாக்கியத்தை முதலில் படித்தவர்களில் ஒருத்தி என் தங்கச்சி. அப்போதுதான் இந்தப் பள்ளியிலிருந்து நாலு தெரு தள்ளி வாடகைக்கு வந்திருந்தாள். பெரியவளை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். "என்னக்கா, இதுதான் பக்கத்துல இருக்கு, நீயே இப்படி எழுதிட்டியே" என்றாள். நாலு நட்சத்திரம் உள்ள பள்ளி ஒன்று இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. அதில் சேர்த்தாள். இப்போது சின்னவளுக்கு முதல் வகுப்பு. ஒரு வாரமாகத் தினமும் போனில் ஒரே கேள்வி. "அந்தப் பள்ளிக்கூடத்த மறுபடி பாக்கப் போறேன்னியே, எப்பப் போற? சேக்கலாமா வேண்டாமா, சொல்லு." ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் சொல்கிறவளுக்குச் சொந்தத் தங்கச்சிக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளை மாலைக்குள் படிவம் அலுவலகம் போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அம்புக்குறிகள்தான். தரையில் மஞ்சள் பெயின்ட்டில், ஒரு முழ நீளத்துக்கு, நடைவழி நெடுக. மாடிப்படியின் ஒவ்வொரு படியிலும் ஓர் அம்பு. சுவரில் கையளவு எழுத்தில் 'நூலகம்'. கழிப்பறைக்கு அம்பு இல்லை, அலுவலகத்துக்கு இல்லை, குடிநீருக்கு இல்லை. முதல் நாலு கேள்விகளை முடித்துக்கொண்டேன். கழிப்பறை சுத்தம், ஒரு தாழ்ப்பாள் மட்டும் ஆடுகிறது. குழாய்கள் ஆறு, ஒன்று ஒழுகல், கீழே வாளி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் தொண்டை கட்டிய குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் அதே கட்டிய குரலில் திருப்பிச் சொன்னார்கள். அதற்கு அடுத்த அறை காலியாக இருந்தது. சின்ன நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றியிருந்தார்கள். கதவில் 'வகுப்பு 1 - ஆ' என்ற எழுத்து பாதி உரிந்திருந்தது.

பிறகு நடைவழியில் நின்று பதினேழாம் கேள்வியைக் கேட்டேன். முதல் பிள்ளை சரியாகச் சொன்னது. இரண்டாவதும் மூன்றாவதும் நாலாவதும் சரி. ஐந்தாவது, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண், எட்டு வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "நேராப் போயி மஞ்ச அம்பு புடிச்சு மாடி ஏறி ரெண்டாவது கதவு மேடம்." ஐந்துக்கு ஐந்து. நான் கட்டத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு நகரும்போது அவள் கேட்டாள்.

"சரியாச் சொன்னேனா மேடம்?"

நின்றுவிட்டேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் வழி கேட்டிருக்கிறேன். வழி சொல்கிற பிள்ளை, சொல்லிவிட்டு ஓடிவிடும். சரியாகச் சொன்னேனா என்று பரீட்சையில்தான் கேட்பார்கள். துணைக்கேள்வி கூடாது என்ற என் விதியை நானே மீறினேன். "ரொம்ப சரி. உள்ள உனக்குப் புடிச்ச புத்தகம் எது?" என்றேன்.

"உள்ளயா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். நான் தவறான கேள்வி கேட்டுவிட்டது போல என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பூட்டியிருக்கும் மேடம்."

தலைமையாசிரியையின் அறையில் இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு பீரோ, சுவரோரம் மடித்து வைத்த கூடாரத் துணி. அவருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தொட்டிருப்பார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேஜையில் அதையே தேடிக்கொண்டிருந்தார். நான் சைகை காட்டினேன். எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்காமல், "உக்காருங்க" என்றார். அவர் முன்னால் முதல் வகுப்புச் சேர்க்கை விண்ணப்பங்கள் ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருந்தன. எத்தனை என்று கேட்பது படிவத்தில் முப்பத்தொன்றாம் கேள்வி. "பன்னண்டு" என்றார். "பதினஞ்சு இருந்தாத்தான் முதல் வகுப்பு நடத்தலாம். இல்லேன்னா இந்த வருஷம் கிடையாது. ஒரு வருஷம் முதல் வகுப்பு இல்லாட்டி அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்பு இல்ல. அப்பறம் நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்." அன்றைக்குப் புதன்கிழமை. குறையாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் சொல்லவில்லை. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். பல் தேய்க்கிற பிரஷ் தேயுமே, அந்த மாதிரி.

நூலகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மஞ்சள் அம்புகளின் மேலேயே இரண்டு பேரும் மாடி ஏறினோம். என் முழங்காலுக்கு அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார், அவருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டாவது கதவு. பூட்டு புதிது. உள்ளே புத்தகங்கள் உயர வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன, சின்னது முதல் பெரியது வரை, பார்க்க அழகாக. ஒன்றை உருவினேன். பக்கத்துப் புத்தகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அறை மூலையில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று இடுப்பளவுக்கு நின்றது. துணியின் அடியில் சக்கரங்கள் தெரிந்தன.

"அது என்ன?"

"வண்டி" என்றார். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு துணியை விலக்கினார். ஆஸ்பத்திரியில் மருந்து தள்ளிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி மூன்று தட்டு இரும்பு வண்டி. பச்சை பெயின்ட் உரிந்திருந்தது. தட்டுகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று ஆகியிருந்தன. "மூணு வருஷத்துக்கு முந்தி இந்த ரூம் ஒழுகிச்சு. புத்தகத்த எங்க வைக்கிறதுன்னு தெரியாம இதுல ஏத்தினோம். ஒரு கிளாஸ்ல ரெண்டு நாள், அப்பறம் அடுத்த கிளாஸ். புள்ளைங்களே தள்ளிக்கிட்டுப் போகும். ஒரு சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்தும். எண்ணெய் விடாதீங்க டீச்சர், வண்டி வருதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு சண்டைக்கு வருவாங்க. ரூம் சரியானப்பறமும் எங்களுக்குத் திருப்பி வைக்க மனசு வரல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது.  நேற்று எங்கள் வகுப்பில் இருந்தது, இன்றைக்குத் தெரியவில்லை. அன்று அப்படிச் சொன்ன பெண் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நூலகம் எங்கே என்று கேட்டேன், அது நேற்று இருந்த இடத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்னாள். ஐந்து பிள்ளைகளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரு வகுப்புக் கதவைத் தள்ளிப் பார்த்திருந்தாலும் போதும்.

"அன்னிக்கு நாலாம் வகுப்பு டீச்சர் லீவு. நான் கிளாஸ்ல இருந்தேன்" என்றார் அவர். "நீங்க வந்துட்டுப் போனதே அப்பறந்தான் தெரியும். பதிவேட்டப் பாத்தேன். நாப்பது நிமிஷம் இருந்திருக்கீங்க."

நான்தான் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எழுதியவர் பெயர் போடுவதில்லை; ஆனால் பதிவேட்டில் நான் என் பேனாவால், என் கையெழுத்தில் பெயர் எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? "எங்களுக்கு எழுதியிருக்கலாமே" என்று முனகினேன். அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று சொல்லும்போதே தெரிந்தது.

"எழுதினோம். அடுத்த மதிப்பீடு ரெண்டு வருஷம் கழிச்சுன்னு பதில் வந்துச்சு." துணியை மறுபடி வண்டிமேல் இழுத்துவிட்டார். "வந்துட்டீங்க."

அந்த வருடம் முதல் வகுப்பில் முப்பத்துநாலு பேர் சேர்ந்தார்களாம். எங்கள் பக்கம் இணையத்தில் வந்த அடுத்த வருடம் பத்தொன்பது. சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் எல்லாரும் போனில் அந்த வாக்கியத்தைக் காட்டி, நூலகமே இல்லையாமே என்பார்களாம். ஒவ்வொருவருக்கும் வண்டியைக் காட்டி விளக்க முடியவில்லை. டீச்சர்கள் கூடிப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே பெயின்ட் வாங்கி, அம்பு வரைந்து, புத்தகங்களை இந்த அறைக்குள் அடுக்கிவிட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வகுப்புக்கும் நூலக நேரம் என்று கால அட்டவணையில் இருக்கிறது. ஆசிரியர் இருவர் குறைவு என்பதால் அது அட்டவணையிலேயே இருந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு வழி மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இப்ப அந்த வண்டிய ஒரு கிளாஸுக்குத் தள்ளிக்கிட்டுப் போகலாமே. நான் பாத்து எழுதுறேன்" என்றேன். என் குரலில் கொஞ்சம் ஆவல் கூட இருந்தது, ஏதோ நானே தானம் கொடுப்பது போல.

"வேணாம்" என்றார். "இன்னிக்கு உங்களுக்காகத் தள்ளினா அதுவும் இந்த அம்பு மாதிரிதான்."

"அப்ப நாளையிலேர்ந்து பழையபடி..."

"நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டு, ஒரு புள்ள தெரியலன்னு சொல்லிட்டா?" கதவைப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நீங்க அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டுப் போங்க. புள்ளைங்க சரியாத்தான சொன்னாங்க?"

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது நட்சத்திரம் போன் செய்தார். எந்தப் பள்ளியிலிருந்து கிளம்பினாலும் ஐந்தாவது நிமிடம் போன் வந்துவிடும். பதினேழில் எவ்வளவு என்றார், சொன்னேன். "அப்பறம் என்னம்மா, ரெண்டுலேர்ந்து நாலுக்கு ஏறிடுச்சு. நம்ம பக்கத்தப் பாத்துத்தான் திருந்தியிருக்காங்க. அதையே தலைப்பாப் போட்டுடலாம்."

"சார், அந்தக் கேள்வியே தப்பு சார்." சொன்னேன். வண்டியைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் சொன்னேன். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் பொறுமையாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"கேள்வி தப்புன்னா முந்நூறு பள்ளிக்கூடமும் தப்பாயிடும்மா" என்றார். "நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள அனுப்பிடுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. என் வேலையே அந்தப் பாதியில்தான் இத்தனை நாள் நடந்திருக்கிறது. ஐந்து என்று எழுதினால் படிவப்படி அது சரி. பள்ளிக்கு நாலு நட்சத்திரம் கிடைக்கும், வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பிள்ளைகள் கிடைக்கலாம். நூலகம் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதினால் அதுதான் நிஜம், பள்ளி முடிந்தது. புத்தகங்கள் பிள்ளைகள் கையில் புரண்டபோது பூஜ்யம் போட்டவள், அவற்றைப் பூட்டி வைத்த பிறகு முழு மதிப்பெண் போடுகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டுச் சுரைக்காய், தோட்டத்தில் காய்த்திருந்ததையும் பிடுங்கிப் போட்டிருக்கிறது. தங்கச்சி வீட்டுக்கு நாலு தெரு நடக்க முழங்கால் விடவில்லை; ஏறிய பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நான் ஏனோ நின்றுகொண்டே போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாயவில்லை. தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என் பையைத் திறந்து கிளிப் பலகையை எடுத்துக்கொண்டு, "பெரியம்மா, நான் ஆபீஸ் போறேன்" என்று வாசல்வரை போய்த் திரும்பினாள். பெரியவள் அப்போதுதான் இரண்டாவது பேருந்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் தலையைச் சாய்த்து, கழற்றாத காலுறையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் பை அப்படியே இருந்தது. தினமும் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் நானே அந்தப் பையை மெல்லக் கழற்றியிருக்கிறேன். இன்றைக்குக் கை போகவில்லை.

தங்கச்சி ஒரு டம்ளரில் டீயை என் முன்னால் வைத்தாள். "போனியா? எப்படி இருக்கு?"

ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். 

"அப்ப அந்தப் பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமா."

"நாலு தெரு." மேஜையில் தூங்குகிறவளைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா என் பொண்ணு விடியறதுக்கு முந்தி எழுந்திரிச்சு ரெண்டு பஸ் மாறிப் போறா. போன மழைக்கு வழி தவறி எவனோ கடையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. நீதான் போய்க் கூட்டிக்கிட்டு வந்த."

"தெரியாமப் பண்ணிட்டேன்டி."

"தெரியாமத்தான். உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

 வெட்கமாக இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, சின்னவளைச் சேர்க்க நான் நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன், தலைமையாசிரியை நல்லவர், பதிமூன்றாவதாக இவள் பெயர் இருக்கட்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உன் எழுத்த நம்பி அன்னிக்குச் சேக்காம விட்டேன். உன் பேச்ச நம்பி இன்னிக்குச் சேக்கவும் மாட்டேன். நானே வந்து பாக்குறேன்."

"பெரியவ?"

"அவளுக்கு அஞ்சாம் வகுப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். அங்க சிநேகிதிங்க இருக்காங்க. இப்ப இழுத்துக்கிட்டு வந்தா அது இன்னொரு தண்டனை." எழுந்து போய்ப் பெரியவளின் முதுகிலிருந்து பையைக் கழற்றினாள். தூக்கத்திலேயே பெரியவள் ஒரு தோளை, பிறகு மறு தோளை, சொல்லிவைத்தது போல உயர்த்திக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நான், தங்கச்சி, சின்னவள் மூன்று பேரும் நடந்தே போனோம். ஒன்பது நிமிடம். வழியில் தங்கச்சி கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். காவலாளி என்னைப் பார்த்து, "இன்னிக்கும் இன்ஸ்பெக்டர் இல்லையா?" என்றார். பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டேன். என் பையில் படிவம் இருந்தது. நாற்பத்தேழு கேள்விகளுக்குப் பேனாவால் பதில் எழுதியாகிவிட்டது. பதினேழுக்கு எதிரே நேற்றுப் பென்சிலால் போட்ட ஐந்தை ரப்பரால் அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது. கீழே 'பிற குறிப்புகள்' என்று மூன்று வரி இடம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் பள்ளியைப் பற்றி எழுதிய வாக்கியம் தவறு, தவறு என்னுடையது என்று அதில் எழுதியிருந்தேன். நட்சத்திரம் அதை வெட்டுவார். வெட்டட்டும், எழுதாமல் விட முடியவில்லை.

தங்கச்சி என்னை விட்டுவிட்டுத் தானாக ஒரு சுற்று சுற்றினாள். கழிப்பறைக்குப் போனாள், ஆடுகிற தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள், இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று தொண்டை கட்டிய டீச்சரைப் பத்து நிமிடம் கேட்டாள். பிறகு தலைமையாசிரியையின் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எங்கள் படிவத்தில் இல்லாத கேள்வி.

"இவ அழுதா யாரு தூக்குவாங்க?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க" என்றார். "பொய் சொல்லக் கூடாது, சில நேரம் யாரும் பக்கத்துல இருக்க மாட்டோம். ரெண்டு டீச்சர் குறைவு. அப்ப பெரிய கிளாஸ் பொண்ணுங்க தூக்குவாங்க."

தங்கச்சி என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். விண்ணப்பத்தை நிதானமாக எழுதினாள். பிறந்த தேதி, முகவரி, தடுப்பூசி. தலைமையாசிரியை அதை வாங்கி, ரப்பர் வளையத்தைக் கழற்றி, கட்டின் அடியில் வைத்தார். சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பன்னிரண்டுக்குக் கீழே பதிமூன்று என்று எழுதினார். அதற்கும் கீழே இரண்டு வரி காலியாக இருந்தன. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்.

அப்போதுதான் சின்னவள் அறையில் இல்லை என்று கவனித்தோம். தங்கச்சி பாதி எழுந்தாள். சின்னவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது, ஆனால் வாசலில் நுழைந்ததிலிருந்தே தரையில் இருந்த மஞ்சள் அம்புகளை ஒன்று விடாமல் மிதித்துக்கொண்டுதான் வந்தாள். மாடியிலிருந்து சத்தம் கேட்டது. கதவைத் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. உள்ளே யாரோ இருக்கிறார்கள், வந்து திறப்பார்கள் என்று நம்புகிறவர்கள் தட்டுகிற மாதிரி.

தலைமையாசிரியையின் பேனா சின்னவள் பெயரின் பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் சாவி இருந்த மேஜை இழுப்பறையைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. மாடியில் சின்னவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.